தென்கடலா, வடகடலா? மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதக் காலையில், பவளப்பாறை பார்க்கவேண்டும் என்ற ஒரே நினைப்போடு குடும்பத்துடன் பாம்பனுக்கு வந்து இறங்கினேன். குந்துகால் கரையில் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஆடின. அலை, துறையின் படிகளில் ஏறி உடைந்தது. வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பைகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது கச்சான் வீசுகிற காலம். தென்கடல் உங்களை விடாது. வடகடல் பக்கம் போய்ப் பாருங்கள், தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும்."

சில கிலோமீட்டர் தள்ளி வடக்குக் கரைக்குப் போனோம். அவர் சொன்னபடியே இருந்தது. அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றுகொண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார். அதே நாள், அதே நேரம், அதே ஊர்.

அன்று புரிந்தது இதுதான்: மன்னார் வளைகுடாப் பக்கம் வருபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது இடத்தை அல்ல, மாதத்தை. எந்த மாதம் என்று தெரிந்தால் எந்தக் கடல் என்பது தெரியும். எந்தக் கடல் என்று தெரிந்தால் கண்ணாடிப் படகா, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகா, கடற்புல் வெளியில் நீந்துவதா, கரையில் நடப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். அறை எடுத்து, விடுப்பு வாங்கி, ரயில் டிக்கெட் போட்ட பிறகு கடலைக் கேட்கிறோம்.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு கடலும் தெரியும். தெற்கே மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, அதாவது வடகடல். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இவற்றையே ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தென்கடலைக் கலக்குகிறது. தீவுக்கு வடக்கே அந்தக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் வடகடலின் கரையோரம் அடங்கிக் கிடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. அப்போது வடகடல் சீறும், மழையும் புயலும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி கடந்து மார்ச் வரை தென்கடல் தெளிந்து நிற்கும் காலம்.

அடுத்ததாகப் பூங்காவைப் பற்றி. ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை கரைக்கு இணையாகச் சரம்போலக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்துக் காரியசல்லி தேய்ந்துகொண்டே வருகிறது. இதற்கு ஒரு முக்கியக் காரணம் நாம்தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்து நின்ற பார், அதாவது பவளத் திட்டு, போனதும் தீவின் மணலும் போயிற்று.

இது தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் தீவுகளுக்குப் போவதும் இறங்குவதும் குற்றம். "ஐந்து நிமிடம் மட்டும் இறங்கி ஒரு படம்" என்று படகுக்காரரிடம் கெஞ்சுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுத்துப் பிழைத்த மீனவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவுகள் அவை. பூங்கா வந்த பிறகு அவர்களுக்கே அங்கே தடை. பிழைப்புக்காகப் போனவர்கள் விலகி நிற்கும் இடத்தில் படத்துக்காக நாம் கால் வைக்க ஆசைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் முன்னே உள்ள நான்கு வழிகளும் இந்த விதியை மீறாதவைதான்.

கண்ணாடிப் படகு

பெரும்பாலோர் கேட்டு வருவது இதைத்தான். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறையின் ஏற்பாட்டில் படகுகள் போகின்றன. படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியே பாரைப் பார்க்கலாம். நீந்தத் தெரியவேண்டாம், உடை நனையவேண்டாம். பூங்காவின் பவளத்தை அதன் இடத்திலேயே பார்க்க ஒரு சாதாரணப் பயணிக்கு உள்ள எளிய வழி இதுதான்.

ஆனால் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டு ஏறுங்கள். விளம்பரப் படங்களில் தெரியும் நீலமும் செம்மஞ்சளும் இங்கே கிடையாது. நம் கடல் பச்சை கலந்தது. மான்கொம்புப் பவளம் பழுப்பாக, நுனி மட்டும் வெளுத்துத் தெரியும். வட்டமான மூளைப் பவளம் பார்வைக்குப் பாறைபோலவே இருக்கும். படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் எதையும் உற்றுப் பார்ப்பதற்குள் அது கடந்துவிடும். கிளிமீன் கூட்டம் குறுக்கே போனால் அது அதிர்ஷ்டம். இத்தனைக்குப் பிறகும் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். காரணம், இந்த வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்துப்போன பிறகு மிஞ்சியவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். அதை அறிந்து பார்க்கும்போது அந்தப் பழுப்பு நிறமே நல்ல செய்தி. பவளத்துக்குள் வாழும் நுண்பாசி தரும் நிறம் அது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது; வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. அந்த நிலை நீடித்தால் பட்டினியில் சாகிறது.

சில நடைமுறை விஷயங்கள். ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் போங்கள். வெயில் கடலடி வரை இறங்கும். பகல் ஏற ஏற எழும் காற்று அப்போது இன்னும் வலுத்திருக்காது. தலைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியை நோக்கிக் குனிந்தால் மேலே பிரதிபலிக்கும் வானம் மறைந்து கீழே உள்ளது தெளிவாகும். ஆனால் ஆடும் படகில் குனிந்தே இருப்பது பலருக்குக் குமட்டலைத் தரும். என் மனைவிக்குப் பத்தே நிமிடத்தில் தலை சுற்றியது. இடையிடையே நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது உதவும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு படகில் ஏறி இறங்குவதுதான் சிரமம், பயணம் அல்ல.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நங்கூரம் எங்கே போடுகிறார்கள் என்று. மான்கொம்புப் பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் வளரும். மூளைப் பவளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். பார்மீது விழும் ஒரு நங்கூரம் அவ்வளவு காலத்தையும் ஒரு நொடியில் உடைத்துவிடும். மணலில்தான் போடவேண்டும். இந்தக் கேள்வியைப் பயணிகள் கேட்கத் தொடங்கினால் படகுக்காரர்களுக்கும் அதில் அக்கறை கூடும்.

கடற்புல் வெளி

என் மனத்தில் முதலிடம் இதற்கு. அந்த ஜூலை நாளில் வேறு வழியின்றிப் போன இடம். இப்போது விரும்பிப் போகும் இடம்.

உச்சிப்புளிக்கு அருகே வடகடல் கரையில் இருக்கும் ஊர் பிரப்பன்வலசை. அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். கயாக் ஓட்டலாம்; நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் ஏறலாம்; முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடற்புல்லின் மீது மிதக்கலாம். சட்டப்படி இது தேசியப் பூங்காவுக்கு வெளியே உள்ள கடல். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அந்த எல்லைக்கோடு தெரியாது. அவற்றில் எத்தனையோ வகை குஞ்சாக வளர்வது இத்தகைய புல்வெளிகளில்தான்.

கடற்புல் என்பது பாசி அல்ல. வேரும் தண்டும் இலையும் உள்ள, நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். வேர் இறங்கி மணலைப் பிடித்துவைப்பதால் தண்ணீர் தெளிகிறது. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசுவின் உணவு இதுவே. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் மேயும். பாக் விரிகுடாவின் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நீங்கள் போகும் நாளில் கடற்பசுவைப் பார்ப்பீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மீனவர்களுக்கே அது அரிதான காட்சி.

நான் பார்த்தது வேறு. நெஞ்சளவுத் தண்ணீர். குப்புற மிதந்தபடி கையால் மெல்லத் துழாவிக்கொண்டிருந்தேன். முதல் சில நிமிடங்கள் வெறும் பச்சை, அசையும் பச்சை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. கூட வந்த ஊர் இளைஞர் என் தோளைத் தொட்டு ஓரிடத்தைச் சுட்டினார். அங்கேயும் புல்தான். பிறகு அந்தப் புல்லில் ஒன்று மட்டும் அலையின் ஆட்டத்துக்கு அரை நொடி பின்தங்கி ஆடுவது தெரிந்தது. வால் நுனியைப் புல்லில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடற்குதிரை. பழுப்பும் பச்சையும் கலந்த உடல். கண் தனியே உருண்டு என்னைப் பார்த்தது. முதுகுத் துடுப்பு மட்டும் விசிறிபோல இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு கைநீளத் தொலைவில் எவ்வளவு நேரம் அப்படியே மிதந்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடிப் படகில் கடந்துபோயிருந்தால் அது எனக்குப் புல்லாகவே இருந்திருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படகு அதிகப் பரப்பைக் காட்டுகிறது. கடற்புல் வெளி ஒரே இடத்தில் நிற்கவிடுகிறது.

நீந்தத் தெரியாதவர்களும் இங்கே இறங்கலாம். உயிர்காப்புக் கவசத்தோடு, ஆள் துணையோடு. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது பிடிக்கும். முகக்கண்ணாடி முகத்தோடு ஒட்டுகிறதா என்று கரையிலேயே சரிபார்த்துவிடுங்கள். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் கசியும் தண்ணீர்தான். முழுக்கைச் சட்டை போடுங்கள். வெயிலுக்கும் ஆகும், சொறிமீன் உரசினாலும் காக்கும், சன்ஸ்கிரீன் பூசவேண்டிய தேவையும் குறையும். அந்தக் களிம்புகள் பலவற்றில் உள்ள வேதிப்பொருள் பவளத்துக்கு ஆகாது. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நகருங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வு கேட்டு விலகிவிடும். கடல் அட்டை, கடற்குதிரை எதையும் கையில் எடுக்கவேண்டாம். இரண்டும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை.

வாடைக் காலத்தில் மட்டும் இங்கே வந்து பயனில்லை. மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும், கை நீட்டினால் விரல் தெரியாது.

அலையாத்திக் காடு

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது காரங்காடு. மீனவ ஊர். வனத்துறையோடு சேர்ந்து ஊர்மக்களே படகும் கயாக்கும் விடுகிறார்கள், ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதை எதிரிலேயே பார்க்கலாம் என்பது எனக்கு இந்த இடத்தில் பிடித்த விஷயம்.

கால்வாய்களின் இருபுறமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்கள். காற்று மேலே வீசினாலும் கால்வாய்க்குள் தண்ணீர் அசையாது. ஆகவே கடல் கரடுமுரடாக இருக்கும் பருவத்திலும், மழையில்லாத நாளாகப் பார்த்துக்கொண்டால், இதுவே நம்பகமான தேர்வு. கயாக் ஓட்டிப் பழகாதவர்களுக்கும் இங்கே பயம் குறைவு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். ராமேஸ்வரத்தில் தங்கியிருந்தால் போகவே இரண்டு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதற்கென்றே அத்தனை தூரம் போகச் சொல்லமாட்டேன். வேளாங்கண்ணி, தொண்டி வழியாகக் கடற்கரைச் சாலையில் வருபவர்கள் அரை நாள் நிறுத்துவதுதான் பொருத்தம்.

தனுஷ்கோடி நடை

படகே வேண்டாம் என்பவர்களுக்கு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அழித்த ஊரைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள்; சாலை முடியும் அரிச்சல்முனை வரை வண்டியில் போய், ஒரு படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. மழைக்காலம் முடிந்து மார்ச் வரை சாலையோரத்து ஆழமற்ற நீர்நிலைகளில் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இருகண் நோக்கி ஒன்று எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளி நிறுத்தி, சத்தம் போடாமல் அரை மணி நேரம் நின்றால் அவை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அரித்து உண்பதைப் பார்க்கலாம். அருகே ஓடினால் கூட்டமே எழும்பிவிடும். படம் அழகாக வரும், பறவைக்கு மேய்ச்சல் போகும்.

அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அவரால் மணலில் அதிகம் நடக்க முடியவில்லை. இடிந்த தேவாலயத்தின் சுவரருகே உட்கார்ந்தார். அந்தச் சுவர் பவளக் கற்களால் கட்டியது. சாந்து உதிர்ந்த இடத்தில் கல்லை நெருங்கிப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்த அறை. அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். படகில் ஏற முடியாதவர்களுக்குப் பவளத்தை இவ்வளவு பக்கத்தில் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியாது. சுவரிலிருந்து எதையும் பெயர்க்காதீர்கள். ஏற்கெனவே நிறையப் போய்விட்டது.

இங்கே கடலில் இறங்கக் கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் சந்திக்கும் முனை அது. காலுக்கடியில் மணல் நழுவும். மாலைக்குப் பிறகு அங்கே இருக்கவும் அனுமதி இல்லை. நிழல் கிடையாது என்பதால் விடியற்காலையே சரியான நேரம்.

அப்படியானால் எது?

பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரே ஒரு நாள் கிடைத்தால், விடியலில் தனுஷ்கோடி, ஒன்பதரை மணிக்குக் கண்ணாடிப் படகு. தென்கடல் தெளிந்திருக்கும் அந்தச் சில வாரங்களை வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன். ஏப்ரல், மே மாதங்களிலும் கடல் இடம் கொடுக்கும். ஆனால் பவளம் வெப்பத்தில் தவிக்கும் காலம் அது. படகில் இருந்தபடி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன், பாருக்கு அருகில் நீந்தமாட்டேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை யோசிக்கவே வேண்டாம், பிரப்பன்வலசை. கோடை விடுமுறை முடிந்து கூட்டமும் குறைந்திருக்கும். குழந்தைகளோடு வருபவர்கள், மாதத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியுமென்றால், இந்தப் பருவத்துக்கே வரச் சொல்வேன். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கடல் பயணத்துக்கென்று திட்டமிடாதீர்கள். கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ வந்த இடத்தில் வெயில் அடித்தால் காரங்காடு, அல்லது தனுஷ்கோடிச் சாலை.

வயதானவர்களும் குழந்தைகளும் கலந்த குடும்பமாக இருந்தால் எல்லோரையும் ஒரே படகில் ஏற்ற முயலவேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டாகப் பிரிந்தோம். அம்மாவும் அக்காவும் கரையில் தங்கினார்கள், நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். மதியச் சாப்பாட்டில் சேர்ந்துகொண்டோம். யாருக்கும் குறை இல்லை.

எந்த மாதமானாலும் முந்தின நாள் மாலை படகுத்துறைக்கே போய், நாளைக் காற்று எப்படி இருக்கும் என்று வலையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். போகவேண்டாம் என்று அவர் சொன்னால் விவாதிக்காமல் பாலத்துக்கு மறுபக்கம் வண்டியைத் திருப்புங்கள். அங்கே இன்னொரு கடல் இருக்கிறது.